என்னுடன் வருபவர்

எனக்கு வரிசையில் நிற்பது பிடிக்கும், டாக்டர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் நாம் என்று இருக்கும்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. தப்பாகச் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. இப்போதுகூட வெளியே பெஞ்சில் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த அம்மாள் என்னை முந்திக்கொண்டு உங்கள் அறைக்குள் வந்துவிட்டுப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் என்னோடு வந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அண்ணன் வீட்டில் நாற்காலியில் தூங்குகிறார்.

அவருடைய மாத்திரையை இப்படியே வைப்பதா, குறைப்பதா, இல்லை கதவுக்குப் பூட்டுப் போட்ட காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லிவிடுவதா என்று நீங்கள் இன்று முடிவு செய்ய வேண்டும். அதற்காக, கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில், அவர் நடத்தையில் வந்த மாற்றங்களை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எதையும் விடாமல் சொல்வது என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறேன். சில இடங்களில் நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைத் திருத்த வேண்டிவரும். மன்னிக்கவும்.

மன்னிப்புக் கேட்பது என் தொழில். துணி துவைக்கும் மெஷின் விற்கும் ஒரு நிறுவனத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். கதவு திறக்காத மெஷின், தண்ணீரைத் துப்புகிற மெஷின், சுற்றுகிற வேகத்தில் நடந்து அடுத்த அறைக்கே போய்விட்ட மெஷின். எல்லாவற்றுக்கும் வருந்துகிறோம். வெளியிலும் அப்படித்தான். யாராவது என் காலை மிதித்துவிட்டால் நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்பேன். இந்த வேலையை வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம் என்பதால், அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. அண்ணி கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவர். அந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நான் நின்றால் நான் இருப்பதே தெரியாது. ஆனால் குரல் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒன்று. போனில் பேசினால் அண்ணியே தடுமாறுவார். இதை நீங்கள் எழுதிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. எழுதிக்கொள்ளலாம்.

மூளையின் முன்பக்கமும் பக்கவாட்டும் சுருங்குகிற ஒரு வகை மறதி நோய் என்று நீங்கள் விளக்கினீர்கள். மறதி என்ற சொல்லில்தான் எங்களுக்குக் குழப்பம். அண்ணன் எதையும் மறக்கவில்லை. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று இன்னமும் சொல்வார். அவர் மறந்தது ஒன்றைத்தான்: மனசில் வருவதையெல்லாம் வாயால் சொல்லக்கூடாது என்பதை.

அது நோய் என்று தெரிவதற்கு முன்பு வீடு வீடாக இல்லை. அண்ணி கை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, அண்ணன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிஸ்கட் வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். "நான் அவருக்குக் கசந்துட்டேன் தம்பி," என்று அண்ணி அன்று என்னிடம் சொன்னார். "சண்டை போட்டாக்கூடத் தாங்கிக்குவேன். மரத்தைப் பாக்கற மாதிரி பாக்கறாரு." பிறகு நீங்கள் ஸ்கேன் படத்தைக் காட்டி நோயைச் சொன்னீர்கள். அண்ணி அழுதார். பயத்தில் அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். வெளியே வந்து படி இறங்கும்போது, "அப்ப என்னை வெறுக்கல," என்றார். அது நிம்மதி, டாக்டர்.

கார்டு அச்சடிக்கச் சொன்னது நீங்கள். நல்ல யோசனை, குறை சொல்லவில்லை. வெளியில் அண்ணன் ஏதாவது பேசிவிட்டால் விளக்கிக்கொண்டு நிற்காமல் எடுத்து நீட்டிவிடலாம். வாசகம் நான் எழுதினேன். 'என்னுடன் வருபவருக்கு மூளையைப் பாதிக்கும் நோய் இருக்கிறது. அவர் பேசுவதும் செய்வதும் அவர் கையில் இல்லை. தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.' அதன் கீழே, 'தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்றும் ஒரு வரி வைத்திருந்தேன். "இவரு என்ன வாஷிங் மெஷினா?" என்று அண்ணி அதை அடித்துவிட்டார்.

அண்ணனுக்கு எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் என்றால் உயிர். காலையும் மாலையும் அதில் ஏறி மேலும் கீழும் போய்வருவார். ஏறுகிறவர்களிடம் மனசில் பட்டதைச் சொல்வார். "நேத்தும் இதே சட்டை." "உங்க பொண்ணு பாடறது பாட்டு இல்ல." நாலாம் மாடிக்காரரிடம் ஒருநாள், "சார், வாய் நாறுது," என்றார். நான் கார்டை நீட்டினேன். அவர் படித்தார், முகம் இளகியது, "பாவம்," என்றார். மறுநாளிலிருந்து புதினா மிட்டாயை மென்றுகொண்டுதான் லிஃப்டில் ஏறினார். அந்த மனிதரோடு எத்தனையோ வருஷம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்வந்திருக்கிறேன். அண்ணன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதை நான் யோசித்துப் பார்த்தேன். பொறாமை என்று சொல்ல மாட்டேன். யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இனி திருத்தங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் வரிசையில் புகுந்த ஆளை அண்ணன் அதட்டியதாக எழுதியிருப்பீர்கள். அந்த ஆள் எங்களுக்கு முன்னால் கூடையை வைத்துவிட்டு, போனில் பேசிக்கொண்டே நின்றான். அண்ணன் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சாக்லேட் அடுக்கைத் தடவிக்கொண்டிருந்தார். சொல்லும் அறிகுறியே இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் இருந்து, உதட்டை அதிகம் அசைக்காமல், "வெக்கமா இல்ல? பின்னாடி போய் நில்லு," என்று சொன்னேன். அந்த ஆள் திரும்பினான். அண்ணனின் உயரத்தைப் பார்த்தான். நான் கார்டை நீட்டினேன். படித்துவிட்டு, பேசாமல் பின்னால் போய் நின்றான். பில் போடுகிற பெண், "எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ," என்றாள். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

அண்ணன் வழியெல்லாம், "நான் பேசலையே, நீதானடா பேசுன," என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து அண்ணியிடமும் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்து, கண்ணாலேயே 'பொறுத்துக்குங்க தம்பி' என்றார். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. நோய் முதலில் கழற்றிப்போட்ட உறுப்பு அதுதான். எங்கள் வீட்டில் பொய்யே சொல்ல முடியாத மனிதர் அவர் ஒருவர்தான், அவர் சொல்வதைத்தான் யாரும் நம்புவதில்லை. இது விசித்திரம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. வசதி என்று பிறகுதான் தோன்றியது.

முடிவெட்டுகிறவரிடம், "கத்தரி பேசட்டும், நீ பேசாத," என்றது நான். தையல்காரரிடம், "அளவு எடுத்தது எனக்கா, மேசைக்கா?" என்றதும் நான். பழக்கடையில் வாங்காமலே திராட்சை தின்றது இருவரும். ஆனால் அண்ணன் நிறுத்திவிட்டார், நான் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் அன்றன்றே அண்ணியிடம் ஒப்பித்துவிடுவேன். அதில் நான் மிகவும் ஒழுங்கு. அண்ணி போனில் உங்களிடம் சொல்வார். நீங்கள் கால் மாத்திரையை அரை ஆக்கினீர்கள். இதில் உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. வந்த புகாருக்குத் தக்கபடிதான் நடவடிக்கை எடுக்க முடியும்.

நியாயமாகச் சொன்னால், அரை மாத்திரைக்குப் பிறகு அண்ணன் அடங்கிவிட்டார். லிஃப்டில் ஏறினாலும் சுவரைப் பார்த்து நிற்பார். அவர் பங்கு குறைந்ததால் என் பங்கு கூடியது.

சூப் விஷயமும் அப்படித்தான். அண்ணி வைக்கிற சூப்பை நான் பல வருஷமாகக் குடித்துவருகிறேன். அண்ணன் அறையில் அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது, "இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னேன். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. சொன்னது உண்மைதான் என்றாலும், அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. புகாரில் மனம் புண்பட்டவருக்குப் பின்னாலேயே ஓர் ஆறுதல் கடிதம் அனுப்புவது எங்கள் அலுவலக வழக்கம். அதனால் மறுநாள் அண்ணி கட்டுப் பிரித்த கையைப் பிடித்துவிட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் அறைக்குள் இருந்து, "கை இன்னும் வலிக்குதா?" என்று கேட்டேன்.

அண்ணி ஓடிவந்தார். நான் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, இப்ப வலி இல்லீங்க. கொஞ்சம் பரவால்ல," என்றார். பிறகு என்னிடம், "கேட்டாரு பாத்தீங்களா? உங்க காதுலயும் விழுந்துதுல்ல?"

விழுந்தது என்றேன். அது பொய் இல்லை.

அன்றே உங்களுக்குப் போன் செய்து சொன்னார். காப்பகத்துக்கு விசாரித்துக்கொண்டிருந்ததையும் அதோடு விட்டார். உங்கள் கோப்பில் 'பரிவு சில நேரம் திரும்புகிறது' என்ற மாதிரி ஏதாவது இருக்கும். அதுவும் நான்தான். ஆனால் அதைத் திருத்தும்போது அண்ணியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அவர் தினமும் சாயங்காலம் அண்ணன் அறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். நானும் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்லிவந்தேன்.

இப்போது செயலாளர்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வெகுகாலமாக அவர்தான் செயலாளர். ஓய்வுபெற்ற அதிகாரி. மீசை நரைத்துவிட்டது, புருவம் நரைத்துவிட்டது, தலைமுடி மட்டும் கல்லூரி மாணவனுக்கு இருப்பதுபோல் இருக்கும். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, சும்மாதானே வீட்ல இருக்க," என்று ஆரம்பிப்பார். அவர் பார்சலை நான் வாங்கி வைக்க வேண்டும். அவர் வெளியூர் போனால் அவர் செடிக்குத் தண்ணீர் நான் ஊற்ற வேண்டும். சும்மாதானே இருக்கிறேன். அண்ணனைக் குளிப்பாட்டி, சோப்பைத் தின்னாமல் பிடுங்கி, துடைத்து, சட்டை மாட்டி, நடுநடுவே மெஷின்களுக்காக வருந்திவிட்டு வந்து சும்மா இருக்கிறேன்.

அன்று கீழ்த்தளத்தில் அவர் எங்களோடு லிஃப்டில் ஏறினார்.

"தம்பி, லிஃப்ட் என்ன தொட்டிலா? உங்க அண்ணனைத் தாலாட்டறதுக்கா மாட்டி வச்சிருக்கோம்? பொதுக்கூட்டம் வரட்டும், தீர்மானம் போட்டுடறேன். வேலை இல்லாதவங்க லிஃப்டுல ஏறக்கூடாது."

அண்ணன் நீண்ட நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். "முடி கோணலா இருக்கு."

இது அண்ணன் சொன்னது. அவர் கணக்கிலேயே இருக்கட்டும்.

செயலாளர் அவசரமாகத் தலைக்குக் கையைக் கொண்டுபோனார். கையில் இருந்த சாவிக்கொத்து விழுந்தது. எடுக்கக் குனிந்தார். தலை என் நெஞ்சுக்கு நேராக வந்தது. லிஃப்டை அண்ணனுக்கு மறுக்கிறாரே என்ற ஆத்திரத்தில் கை போய்விட்டது என்று, அண்ணி கேட்டால் சொல்வதற்காக ஒரு காரணம் தயாராக வைத்திருக்கிறேன். உங்களிடம் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த விக் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. எடுத்தேன். பார்சலில் டேப்பைக் கிழிக்கிற சத்தம்தான் வந்தது. உள்ளே இளஞ்சூடாக இருந்தது. அதை அண்ணன் கையில் வைத்துவிட்டேன்.

கையில் எதைக் கொடுத்தாலும் அண்ணன் அதைப் பயன்படுத்திவிடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். சீப்பு என்றால் சீவுவார், பேனா என்றால் சுவரில் எழுதுவார். இதை ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்தார். பிறகு, பழைய தொழில் பழக்கம், லிஃப்டின் பட்டன் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழ் வரை, ஓரம் எல்லாம் விட்டுப்போகாமல், வாயால் ஊதி ஊதித் துடைத்தார். எல்லா மாடிக்கும் விளக்கு எரிந்தது.

அதனால் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவைத் திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு மாடியிலும் யாராவது நின்றிருந்தார்கள். நான் எல்லோருக்கும் கார்டு கொடுத்தேன். துணிக்கூடையோடு நின்ற ஓர் அம்மாள் செயலாளரைப் பார்த்துவிட்டு, "யாரு இவரு, புதுசா குடிவந்திருக்காரா?" என்று என்னிடம் விசாரித்தார். செயலாளர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மூலையில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"நான் எடுக்கல," என்றார் அண்ணன், துடைப்பதை நிறுத்தாமல். "இவன்தான் எடுத்தான். எடுத்து என் கையில குடுத்துட்டான்."

செயலாளர் மூலையிலிருந்தே சொன்னார்: "பாரேன், யார் மேல பழியைப் போடறாருன்னு. சோறு ஊட்டற தம்பி மேலயே போடறாரு." பிறகு, கடைசி மாடியில் இறங்கும்போது, என் தோளில் கை வைத்தார். "உன்னைப் போய்ச் சும்மா இருக்கன்னு சொல்லிட்டேன். தப்புதான் தம்பி. மன்னிச்சுக்கோ."

டாக்டர், என் வாழ்க்கையில் என்னிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கும் ஒரு கார்டைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் முழு மாத்திரை எழுதினீர்கள். நோய் முற்றுகிறது, கை நீளத் தொடங்கிவிட்டது என்று அண்ணியிடம் சொன்னீர்கள். இப்போது அண்ணன் நடந்தால் கால் தரையில் தேய்கிறது. கழுத்து இறுகிவிட்டது. கரண்டி வாய்க்குப் போவதற்குள் சூப் நெஞ்சில் கொட்டிவிடுகிறது. லிஃப்ட் பக்கம் கூட்டிக்கொண்டு போனாலும், கதவு திறந்து மூடுவதைக் கண் திறக்காமல் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அறை வாசலில் உட்காரும் அண்ணிக்கும் ஒன்றும் கேட்பதில்லை. மாத்திரை போட்டுத் தூங்குகிறவர் பேசினால் நம்பும்படி இருக்காது என்று நானும் நிறுத்திவிட்டேன். "என்னால முடியல தம்பி," என்று நேற்று காப்பகத்துக்கு மறுபடியும் போன் செய்தார். "அங்கயாவது நாலு பேர் தூக்கி உட்கார வைப்பாங்க."

ஆக, கேட்டதற்கு நேரான பதில் இது. நீங்கள் வைத்தியம் பார்த்த நடத்தையில் பாதிக்கு மேல் அண்ணனுடையது அல்ல. நோய் அவருக்கு, மூளை அவருடையது, மாத்திரை தின்றது அவர். பேச்சும் கையும் என்னுடையவை. நான் செய்ததற்கு அவர் தூங்குகிறார். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் சொன்னதையே யாரும் நம்பவில்லை, நான் சொல்லாததை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்காக மட்டும்தான் உங்களிடம் வந்தேன்.

மாத்திரையைக் குறைத்துவிடுங்கள். முடிந்தால் இன்றிலிருந்தே. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம். செயலாளர் மறுபடியும் நிற்கிறார், எதிர்த்து ஒருவரும் இல்லை. எனக்கு அங்கே சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் அண்ணன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார் இல்லையா? அவர் எதுவும் பேச வேண்டியதில்லை. எனக்கு முன்னால் இருக்கிற வரிசையில் உட்கார்ந்தால் போதும்.